மழையில்லாத நான்கு மாதங்கள்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரில் கார் கழுவக் கூடாது, கட்டட வேலை செய்யக் கூடாது, நீரூற்று ஓட்டக் கூடாது, தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். திரும்பவும் மீறினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 500 ரூபாய். முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது. நகரின் ஏறத்தாழ 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. 2025 பிப்ரவரியில், வெயில் முற்றுவதற்கு முன்பே, அதே தடை மறுபடி வந்தது.

பெரிய அடுக்குமாடிகளுக்கு இதில் ஒரு மாற்று வழி இருந்தது. அவர்களிடம் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. உண்டு, அந்த நீரைத் தோட்டத்துக்கு விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சிக்கல், சொந்தமாக எஸ்.டி.பி. வைத்துக்கொள்ளும் அளவு பெரிதாக இல்லாத பொது இடங்களுக்குத்தான்: நூலகம், தேவாலயத்துப் பின்புறத் திடல், சாயங்காலம் பையன்களும் பெண்களும் பந்து விளையாட வரும் இளைஞர் மன்றம். இந்த அத்தியாயத்தில் அப்படிப்பட்ட ஒரு மன்றத்தின் தோட்டத்தைத்தான் கணக்கிட்டுப் பார்க்கப் போகிறோம். இடம் வைட்ஃபீல்ட். அளவு, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, ஓர் ஏக்கர்.

வைட்ஃபீல்ட் என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா, போக்குவரத்து நெரிசல், 2023-இல் வந்து சேர்ந்த மெட்ரோ. ஆனால் ஊர் பிறந்தது தோட்டத்துக்காகத்தான். 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், மைசூர்–குடகு யூரேசிய ஆங்கிலோ இந்தியச் சங்கத்துக்கு வேளாண் குடியிருப்பு அமைக்க 3,900 ஏக்கர் கொடுத்தார். சங்கத்தை நிறுவிய டி.எஸ். வைட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது. நடுவில் ஒரு பொதுத் திடல், அதைச் சுற்றி வட்டமாக வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம். இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள் என்று இன்றும் தெருப்பெயர்கள் அந்த வட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எக்குமெனிகல் கிறிஸ்டியன் சென்டர் போன்ற, பல ஊர் மக்கள் வந்து கூடும் வளாகங்களும் பின்னால் இங்கே வந்தன; ஈ.சி.சி. ரோடு என்ற பெயர் அதிலிருந்து கிடைத்ததுதான். பொதுவில் கூடும் பசுமையான இடம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

முதலில் ஒரு தவறான மருந்தை ஒதுக்கிவிடுவோம். தண்ணீர் சிக்கனத் தோட்டம் என்று இணையத்தில் தேடினால் கூழாங்கல் பரப்பி நடுவே இரண்டு கள்ளிச்செடி நட்ட படங்கள் வரும். இந்தப் பாணி அமெரிக்காவின் வறண்ட மேற்கிலிருந்து வந்தது. கொலராடோவின் டென்வர் நகரக் குடிநீர்த் துறை 1981-இல் இதை ஓர் இயக்கமாகத் தொடங்கியது. பாலைவன நகரமான லாஸ் வேகஸில் புல்தரையைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குக் குடிநீர் ஆணையம் பணமே கொடுத்தது. அங்கே நடந்த நீண்ட ஆய்வு ஒன்றின் முடிவு 2005-இல் வெளியானது: ஒரு சதுர அடி புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 55.8 காலன், அதாவது சுமார் 210 லிட்டர் மிச்சம். 2021-இல் நெவாடா மாநிலம் ஒரு படி மேலே போய், யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்தரைகளுக்குக் கொலராடோ ஆற்று நீரை 2026-க்குப் பின் விடக் கூடாதென்று சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் லாஸ் வேகஸில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். பெங்களூரில் சுமார் 970. வேகஸ் தோட்டத்தை வைட்ஃபீல்டில் பதியம் போடுவது, மழையே இல்லாதவன் கண்டுபிடித்த வழியை மழை கொட்டும் ஊரில் பின்பற்றுவதாகும். கூழாங்கல் வெயிலில் சூடேறி இரவிலும் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஓடும் இடத்தில் அது வேண்டாத வேலை.

வைட்ஃபீல்டுக்கு மழைப் பஞ்சம் இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆண்டுக்கு நம் மன்றத்தின் தலையில் விழுவது 39 லட்சம் லிட்டர். பஞ்சம் காலத்தில்தான் இருக்கிறது. மே தொடங்கி நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்து, செப்டம்பரில் உச்சத்தைத் தொட்டு, டிசம்பரில் வானம் கதவைச் சாத்திவிடும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்ற நான்கு மாதங்களிலும் சேர்த்துப் பெய்வது சராசரியாக 40 மி.மீ. அளவுதான். இந்த நகரத்தில் தோட்டம் போடுபவர் இந்த நான்கு மாதங்களை மனத்தில் வைத்துச் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி எட்டு மாதங்களை மனத்தில் வைத்து மண்ணின் மேடு பள்ளத்தை அமைக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஜூலையில் பச்சைப் பசேலென்று தெரியும் செடியை நர்சரியில் பார்த்து வாங்குகிறார்கள். தரையைக் கோடைக்கு ஏற்றபடி தட்டையாகச் சிமெண்ட் போட்டு மூடுகிறார்கள்.

அந்த நான்கு மாதங்களில் காற்று எவ்வளவு நீரைக் கேட்கிறது? செடி வேரால் உறிஞ்சும் நீரில் நூற்றில் 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. கரியமில வாயு உள்ளே வரவேண்டுமானால் துளை திறந்தாக வேண்டும். திறந்தால் ஈரம் வெளியேறும். செடிக்கு இதில் வேறு வழியில்லை. மண்ணிலிருந்து நேராக ஆவியாவதையும் இதோடு சேர்த்துக் கணக்கிட, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பயன்படுகிறது. வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் நான்கையும் வைத்து, நன்றாக நீர் பாய்ச்சிய ஒரு மாதிரிப் புல்வெளி ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் இழக்கும் என்று அது சொல்லும். பெங்களூரில் டிசம்பரில் அது 4 மி.மீ. அளவு, மார்ச்சில் 6-ஐ நெருங்கும். நான்கு மாதங்களுக்கும் கூட்டினால் சுமார் 550 மி.மீ.

வெப்பநாட்டுப் புல்வகைகளுக்கு அந்த முறை தரும் காரணி 0.85. அதாவது 470 மி.மீ. வேண்டும்; வானம் தருவது 40; மீதி 430-ஐ நாம்தான் தர வேண்டும். ஏக்கர் முழுவதும் புல் விரித்திருந்தால் நான்கு மாதங்களுக்கு 17 லட்சம் லிட்டருக்கு மேல். 2024 நெருக்கடியில் மாவட்ட நிர்வாகம் 6,000 லிட்டர் டேங்கருக்கு, 5 கிலோமீட்டர் தொலைவுக்குள், 600 ரூபாய் என்று விலை கட்டியது. அந்த விலைக்கே கிடைத்தாலும் 290 டேங்கர், 1,74,000 ரூபாய். இது ஒரு சொட்டும் வீணாகாத கணக்கு. தெளிப்பான் வைத்தால் காற்றிலேயே கொஞ்சம் போய்விடும். காவிரி நீர் என்றால் அது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்குப் பம்பு செய்யப்பட்டு வருகிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச மின்சாரம் 1.36 யூனிட். பம்புகளின் இழப்பையும் சேர்த்தால் நம் புல்தரை ஒரு கோடைக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் குடிக்கும். காலடி படாத மூலைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தச் செலவு.

புல்லே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கால்பந்து ஆடும் பிள்ளை கீழே விழும் இடத்தில் புல் வேண்டும். கோல்போஸ்ட் முன்னால் வேண்டும். சின்னக் குழந்தைகள் உருளும் இடத்தில் வேண்டும். நுழைவாயிலில், வாகன நிறுத்தத்தின் ஓரத்தில், கொடிக்கம்பத்தைச் சுற்றி எதற்கு? ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 400 சதுர மீட்டர் புல் போதும் என்று வைத்தால் தேவை 17 லட்சத்திலிருந்து 1.7 லட்சம் லிட்டராக இறங்குகிறது. அதிலும் அருகம்புல்லாக இருந்தால் இன்னும் இறங்கும். நம் வரப்புகளில் தானாக முளைக்கும் அதே இனம்தான் உலகக் கிரிக்கெட் மைதானங்கள் பலவற்றிலும் இருக்கிறது. தண்ணீர் நின்றால் பழுப்பேறிக் கிடக்கும், சாகாது. தரைக்கடியில் ஓடும் தண்டு உயிரோடு இருந்து முதல் மழையில் துளிர்க்கும். பிப்ரவரியில் மைதானம் பழுப்பாக இருப்பதைப் பார்த்துக் கூச்சப்படாத ஒரு நிர்வாகக் குழு அமைந்தால், மன்றத்துக்குப் பாதித் தண்ணீர் மிச்சம்.

பிளாஸ்டிக் புல் பற்றி ஒரு வார்த்தை. வைட்ஃபீல்டைச் சுற்றி இன்று டர்ஃப் மைதானங்கள் பெருகிவிட்டன. தண்ணீரே வேண்டாம் என்பார்கள். செடி தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரமான புல் உச்சி வெயிலிலும் காற்றின் வெப்பத்தை ஒட்டியே நிற்பது இதனால்தான். ஆவியாக எதுவும் இல்லாத செயற்கைப் புல் வெயில் நாளில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைக் குளிர்விக்கக் கடைசியில் தண்ணீர்தான் தெளிக்கிறார்கள். இரவு விளக்கில் ஆடும் வாடகை மைதானத்துக்கு அது பொருந்தலாம். ஏப்ரல் விடுமுறையில் காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வரும் மன்றத்துக்குப் பொருந்தாது.

சரி, விழுகிற 39 லட்சம் லிட்டர் எங்கே போகிறது? பெங்களூரின் செம்மண்ணுக்கு ஒரு குணம். வெறுந்தரையில் பெரிய மழைத்துளி அடிக்கும்போது மேலடுக்கின் நுண்துகள்கள் கலங்கி, துளைகளை அடைத்து, மெல்லிய ஏடாகப் படிந்துவிடும். அதன் மேல் தினமும் நூறு சோடிக் கால்கள் ஓடினால் மண் இறுகும். மைதானம் என்பது பெயருக்குத்தான் மண். மழைக்கு அது கிட்டத்தட்ட சிமெண்ட். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்தால் ஏக்கரில் விழுவது 2.4 லட்சம் லிட்டர். கூரை, நடைபாதை, இறுகிய மைதானம் எல்லாம் சேர்ந்து அதில் பாதியை வெளியே தள்ளிவிடும் என்று வையுங்கள்: 1.2 லட்சம் லிட்டர். அது தெருவுக்குப் போய், ராஜகாலுவே எனப்படும் பெருவடிகாலுக்குப் போய், வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. வழியில் நகரத்தின் சாக்கடையும் சேர்ந்துகொள்வதால்தான் அந்த அணையில் நுரை பொங்குவதைத் தமிழ்நாடு பார்க்கிறது.

இந்த 1.2 லட்சம் லிட்டரைப் பிடிக்கத் தொட்டி கட்டலாம், செலவு எகிறும். அதைவிட மலிவான வழி மைதானத்தையே சற்றுக் கீழே இறக்குவது. 400 சதுர மீட்டர் விளையாட்டுத் தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓர் அடி தாழ்வாக அமைத்தால் அதில் நிற்கும் நீர் சரியாக 1.2 லட்சம் லிட்டர். மழைநாளில் குளம், மற்ற நாளில் கைப்பந்துத் தரை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பெந்தெம்ப்ளைன் என்ற சதுக்கத்தில் 2013-இல் இதைச் செய்தே காட்டினார்கள். கல்லூரிக்கும் இளைஞர் நாடக அரங்குக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சதுக்கத்தின் மூன்று பள்ளங்களில் மிக ஆழமானது கூடைப்பந்துத் தரை. படிக்கட்டுகளே பார்வையாளர் இருக்கை. பெருமழை வந்தால் மூன்றிலும் சேர்த்து சுமார் 17 லட்சம் லிட்டர் நிற்கும். வரைபடம் போடும்போதே பக்கத்துக் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அங்கே அது மழைநீரைச் சிறிது நேரம் தாமதப்படுத்த. இங்கே நமக்கு அது மண்ணுக்குள் இறக்க.

இறக்குவதற்கு உறைகிணறு. மூன்றடி விட்டம், இருபது முதல் முப்பது அடி ஆழம், சாந்து பூசாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சிமெண்ட் உறைகள். இருபதடிக் கிணறு ஒன்று ஒரு தடவைக்கு 4,000 லிட்டர் வாங்கும். மண் எப்படி என்பதைப் பொறுத்துச் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ உள்ளே இழுத்துவிடும். பள்ளமான மைதானம் மழையின் வேகத்தை ஏந்திக்கொள்ள, கிணறு பொறுமையாகக் குடிக்கும். ஒன்றில்லாமல் மற்றது பாதி வேலைதான் செய்யும். கிணற்று வாயில் வண்டலை வடிகட்ட ஒரு சிறு தொட்டியும், பிள்ளைகள் நடமாடும் இடமென்பதால் பூட்டுப் போட்ட கனமான மூடியும் கட்டாயம். பள்ளத்தில் நீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கவும் கூடாது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும்.

பெங்களூரில் இந்தக் கிணறுகளைத் தோண்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டிய மண்ணு வட்டர் சமூகத்தினர். தமிழ்நாட்டில் நாம் ஒட்டர் என்று அறிபவர்களின் உறவு. குழாய்நீரும் போர்வெல்லும் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்திருந்தன. பயோம் அறக்கட்டளை முன்னெடுத்த 'பத்து லட்சம் உறைகிணறு' இயக்கம் அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. கப்பன் பூங்காவில் பாழடைந்து கிடந்த ஏழு பழைய கிணறுகளைத் தூர்வாரி, அறுபதுக்கும் மேல் புதிய உறைகிணறுகளையும் இவர்கள் தோண்டினார்கள். தூர்வாரிய கிணறுகளில் நீர் ஊறி, பூங்காவின் செடிகளுக்கே அது போகிறது. இதில் ஆழ்துளைக் கிணற்றின் அறிவியலுக்கு நேர் எதிரான ஒரு சங்கதி இருக்கிறது. வைட்ஃபீல்டுக்கு அடியில் இருப்பது தீபகற்பத்தின் பழம்பாறை. அதன் மேல் இருபது முப்பது மீட்டருக்குச் சிதைந்த பாறையும் மொரம்பு மண்ணும். மழை இறங்கிச் சேர்வது முதலில் இந்த மேலடுக்கில். ஆயிரம் அடிக்குக் கீழே பாறை வெடிப்புகளில் போர்வெல் தேடும் நீர் பழைய சேமிப்பு. அது நிறைய எவ்வளவோ காலம் ஆகும். மேலடுக்கை நிரப்பி மேலடுக்கிலேயே எடுத்தால் வரவும் செலவும் ஓர் ஆண்டுக்குள் கண்ணுக்குத் தெரியும்.

உறைகிணறு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. சர்ஜாபூர் சாலையில் ரெயின்போ டிரைவ் என்ற குடியிருப்பு, மழைநீரைக் கிணற்றில் இறக்கியும், அதிகம் செலவழிப்போருக்கு அதிகக் கட்டணம் விதித்தும், நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெங்களூரில் 131.6 மி.மீ. மழை பெய்தது. அந்த வாரங்களில் ரெயின்போ டிரைவில் தெருக்கள் மூழ்கி, மக்கள் டிராக்டரில் வெளியேறினார்கள். கிணறுகள் தோற்றன என்று இதற்குப் பொருளல்ல. பள்ளத்தாக்கில் இருக்கும் இடத்துக்கு மேட்டிலிருந்து வரும் நீரும் சேர்ந்து வரும். போகும் வழி அடைபட்டிருந்தால் சொந்தக் கிணறு காப்பாற்றாது. அந்த வெள்ளத்துக்கும் 2024-இன் டேங்கர் வரிசைக்கும் நடுவே இருந்தது வெறும் பதினெட்டு மாதம்.

மேட்டிலிருந்து வரும் நீரைப் பள்ளத்தில் பிடித்துவைக்கும் தொழில்நுட்பத்தை இந்த ஊருக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வைட்ஃபீல்டை ஒட்டிய காடுகோடியில், காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் ஆட்சியில், கி.பி. 1043-இல், பெர்மாடி காவுண்டன் மகன் ராஜராஜ வேளான் பட்டந்தூர் ஏரியை வெட்டி மதகு வைத்ததையும், அதன் கரையில் துர்க்கை, க்ஷேத்திரபாலர், கணபதி திருமேனிகளை நிறுவியதையும் அது சொல்கிறது. டிசம்பருக்குப் பின் வானம் தராது என்பது அந்த வேளானுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டந்தூர் அக்ரகார ஏரி இன்றும் இருக்கிறது, ஐ.டி.பி.எல். கட்டடங்களுக்கு அருகில், மெலிந்துபோய்.

இப்போது செடிக்கு வருவோம். நடுத்தரச் செம்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குப் பயன்படும் நீராக ஏறத்தாழ 100 மி.மீ. பிடித்துவைக்கும். அதில் பாதி தீர்ந்ததும் செடி வாடத் தொடங்கும். புல்லின் வேர் ஓர் அடி என்றால் அதன் கையிருப்பு 15 மி.மீ. நாளொன்றுக்கு 5 மி.மீ. செலவானால் மூன்றாம் நாள் கையேந்தும். ஒரு மீட்டர் வேர் விட்ட புதருக்குப் பத்து நாளுக்கு மேல் தாங்கும். பாறைச் சிதைவு வரை வேரை இறக்கிவிட்ட மரம் யாரையும் கேட்பதில்லை. தண்ணீர் சிக்கனம் என்பதன் பெரும்பகுதி வேரின் ஆழம்தான். இலை பார்க்க எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பின்னால்தான் வரும்.

ஆகவே இருக்கிற நீரை மரத்துக்குச் செலவிடுங்கள் என்பேன். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். அதன் பிறகு ஐம்பது ஆண்டு நிழல். என் முதல் வாக்கு புங்கத்துக்கு. பிப்ரவரி, மார்ச்சில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, மழை வருவதற்கு முன்பே, கொளுத்தும் வெயிலில் பளபளவென்று புதுத் தளிர் விடும். அடியாழத்து ஈரத்தை நம்பித்தான் அந்தத் துணிச்சல். வேம்பும் நாவலும் அடுத்து. பாறைச் சரிவிலும் காய்க்கும் சீத்தாவும் நெல்லியும் இளைஞர் மன்றத்தில் கட்டாயம் வேண்டும். பறித்துத் தின்ன ஒன்றுமில்லாத தோட்டத்துக்குப் பிள்ளைகள் ஏன் காவலிருக்கப் போகிறார்கள்? பெங்களூரின் பெயர்பெற்ற சாலை மரங்களில் பல வெளிநாட்டு வகைகள். 1908 முதல் 1932 வரை லால்பாக்கை நடத்திய ஜெர்மானியர் குரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். அழகுதான். ஆனால் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ஏப்ரல், மே மாதப் புயல்காற்றில் கிளை முறிப்பவை. விளையாட்டுத் தரைக்கு மேலே அவை வேண்டாம்.

வேலியோரப் புதருக்கு நொச்சி, ஆடாதோடை, ஆவாரை, மருதாணி. முதலிரண்டையும் மாடு தொடாது. தெருமாடுகள் சுற்றும் வைட்ஃபீல்டில் இது சின்ன விஷயமில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் செழிக்கும் அரளியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. வறட்சி தாங்கும் என்பது உண்மை. இலையிலிருந்து பூ வரை நஞ்சு என்பதும் உண்மை. குழந்தைகள் வரும் இடத்தில் அதற்கு இடமே கிடையாது. எருக்குக்கும் ஊமத்தைக்கும் அதே தீர்ப்பு. பள்ளத்தின் ஓரங்களில் வெட்டிவேர் நடலாம்: நீர் நின்றாலும் தாங்கும், நிற்காவிட்டாலும் தாங்கும், கரையையும் பிடித்துக்கொள்ளும்.

தினமும் மாலையில் குழாயைப் பிடித்து மேலாக நனைப்பது நம் ஊர்த் தோட்டக்காரர்களின் பழக்கம். மண்ணிலிருந்து நீர் ஆவியாவது இரண்டு கட்டமாக நடக்கிறது. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வெயில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் போகும். மேலே ஓர் அங்குலம் காய்ந்ததும் அந்தக் காய்ந்த அடுக்கே மூடியாகி இழப்பைச் சட்டென்று குறைத்துவிடும். தினமும் நனைத்தால் மண் முதல் கட்டத்தை விட்டு நகரவே நகராது; வேரும் மேலேயே படர்ந்து சோம்பேறியாகும். புதருக்கு வாரம் ஒருமுறை, அதிகாலையில், ஆழமாகச் சொட்டுநீரில் விடுவது இரண்டையும் சரிசெய்யும். மேலே நான்கு விரல் உயரத்துக்கு இலைச்சருகு மூடாக்கு. கூட்டிப் பெருக்கி மூலையில் கொளுத்தும் சருகைச் செடியடியில் போட்டால் போதும்; புகையும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

அப்படியும் 400 சதுர மீட்டர் புல்லுக்கு 1.7 லட்சம் லிட்டர் வேண்டுமே? பக்கத்து அடுக்குமாடியில் கேளுங்கள். அங்கே எஸ்.டி.பி.யிலிருந்து வெளியேறும் நீரில் கணிசமான பகுதி வாங்க ஆளில்லாமல் சாக்கடைக்குப் போகிறது. உபரியில் ஒரு பகுதியை விற்கக் கர்நாடக அரசு 2024-இல் அனுமதியும் கொடுத்துவிட்டது. இந்தப் பகுதியை ஒட்டிய கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து 2018 முதல் சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோலார் ஏரிகளே வாங்கிக்கொள்ளும் நீரை நம் மைதானம் வாங்க யோசிக்க வேண்டாம். சில கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளைகள் விழுந்து புரளும் இடத்தில் அந்நீரைத் தெளிக்கக் கூடாது; மண்ணுக்கடியில் பதித்த சொட்டுக் குழாயில், விளையாட்டு இல்லாத இரவு நேரத்தில் விட வேண்டும். கழிவுநீரில் உப்பு அதிகம். கோடை முழுக்க மண்ணில் சேரும் உப்பைப் பருவமழை கழுவி இறக்கும். அதில் இருக்கும் தழைச்சத்துக்கு ஏற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். உறைகிணற்றுக்குள் மட்டும் ஒரு வாளிகூட விடக் கூடாது. கிணறு மழைக்கு மட்டும்.

இதையெல்லாம் அளக்க வேண்டியவர்கள் மன்றத்தின் பிள்ளைகளே. நேரான பக்கங்களுள்ள ஒரு கண்ணாடிக் குவளையும் அளவுகோலும் இருந்தால் மழைமானி தயார். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை, ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க, குறித்து வைக்கலாம். ஓர் ஆண்டின் இரண்டு பட்டியல்களையும் ஒரே தாளில் வரைந்தால், மழைக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாத துல்லியத்தில் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு மன்றம் கட்ட இடம் பார்த்திருந்தால், கிணற்றை மண் காய்ந்திருக்கும் மார்ச்சில் வெட்டுங்கள், மரத்தை ஜூனில் நடுங்கள். அதற்கெல்லாம் முன்பு, செப்டம்பர் மழை ஒன்றில் குடை பிடித்துக்கொண்டு அந்த மனையில் போய் நின்று, தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று பாருங்கள். அந்த மூலையில் கட்டடம் வரும் என்று வரைபடம் சொன்னால், வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள்.